காற்று ஏறாத வண்டி

காலையிலிருந்து மூன்று தரம் இன்ஜினைப் போட்டு அணைத்தாகிவிட்டது. டிரைவரம்மா ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, காற்றழுத்தம் காட்டும் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தாள். முள் பாதி வரைக்கும் சமர்த்தாக ஏறியது. அதற்கு மேல் ஒரு நூல்கூட அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. எச்சரிக்கை மணி வேறு விடாமல் கத்திக் காதைக் குடைந்தது. "சும்மா இரு சனியனே, எனக்குத் தெரியும்" என்று அதட்டினாள். மணி அவள் அதட்டலுக்கெல்லாம் பயப்படுகிற ஜாதி இல்லை, அதுபாட்டுக்குக் கத்தியது.

இந்த மாதிரிப் பெரிய வண்டிகளில் ஒரு சங்கதி உண்டு. காற்று இருந்தால்தான் பிரேக் பிடிக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தி வைத்த வண்டிக்கு அது தலைகீழ். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முரட்டு ஸ்பிரிங் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும். தொட்டியில் காற்று நிறைந்து, அந்தக் காற்று போய் ஸ்பிரிங்கைத் தள்ளினால்தான் பிடி தளரும். காற்று ஏறாவிட்டால் வண்டி ஒரு அடி நகராது.

டிரைவரம்மாவுக்கு அன்றைக்கு வண்டி நகர்ந்தே ஆக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "நாளைக்குக் கிளம்பி வர்றேன், பையைக் கட்டி வைங்க" என்று சொல்லியிருந்தாள். அவரும் "சரி" என்றிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஒரு வருஷத்துக்கு மேல் வீம்பாகக் காத்திருந்தாள். கட்டிய பையைப் பிரிக்க எவ்வளவு நேரமாகும்? மனுஷன் மனசு மாறுவதற்குள் போய் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு.

அவள் ஒரு மில்லில் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டியவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் ஒரே மில், ஒரே சாலை. ஓய்வு பெற்ற கையோடு மில்காரர்கள் அந்தப் பழைய பஸ்ஸைத் தள்ளிவிட, இவளே வாங்கிக்கொண்டாள். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டாள், அடுப்பு வைத்தாள், தண்ணீர்த் தொட்டி வைத்தாள். நடு ஜன்னலோரம் தையல் மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினாள். வீட்டுக்காரர் தையல்காரர். "கடையை மூடிட்டு வாங்க, ஊர் ஊராப் போவோம், ஜன்னல்ல உக்காந்து தைங்க" என்று கூப்பிட்டாள். மறுபேச்சுப் பேசாமல் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. கேட்பாரில்லை, தடுப்பாரில்லை. சில வருஷம் இரண்டு பேரும் காணாத ஊரெல்லாம் கண்டார்கள்.

பிறகு அவருடைய தம்பி கீழே விழுந்து இடுப்பு எலும்பு விலகிவிட்டது என்று சேதி வந்தது. "பத்து நாள் கூட இருந்துட்டு வர்றேன்" என்று போனார். பத்து நாள் ஒரு மாதமாயிற்று, மழைக்காலமாயிற்று. தம்பி எழுந்து நடமாட ஆரம்பித்தும் இவர் வரவில்லை. அவளே கூப்பிடட்டும் என்று அவர் அங்கே, அவராகவே வரட்டும் என்று இவள் இங்கே. சாயங்காலம் சாயங்காலம் போனில் பேசுவார்கள். சாப்பிட்டாச்சா, மழையா, வெயிலா என்பதோடு முடிந்துவிடும். வர்றீங்களா என்று இவள் கேட்கவில்லை, வரவா என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வயதுக்குக் குறைவில்லை, வீம்புக்கும் குறைவில்லை.

அவள் வண்டியை நிறுத்தியிருந்தது துறைமுகத்தையொட்டி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி மனையில். உப்புக் காற்று, எப்போதும் ஈரம். ஐஸ் உடைக்கும் மெஷின் விடிந்ததும் தடதடவென்று ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவு, இவளுக்குத் துணை. ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் அவளால் தாங்க முடியாது. ஒரு முட்டையைப் பொரித்து, இரண்டு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் யாரோ யாருக்கோ சொல்லும் வாழ்த்துகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கட்டிலில் படுத்தால் இன்னமும் தன் பாதியில்தான் படுப்பாள். மறு பாதி காலியாகவே கிடக்கும்.

ஐஸ் கம்பெனி வாட்ச்மேன்தான் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார். வந்தவருக்கு அந்த வட்டாரத்தில் 'காத்து' என்று பெயர். இன்ஜின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், காற்று பிரேக் வேலை மட்டும்தான் செய்வார். ஐம்பது வயது, முழங்கால் வலி, ஓயாத புலம்பல். வந்ததும் வராததுமாக ஒரு சாக்கை விரித்து, "என் முட்டி இருக்கற இருப்புக்கு எனக்கே ஒரு மெக்கானிக் வேணும்க்கா" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"தம்பி, நான் இன்னைக்கே கிளம்பணும்."

"எல்லாரும் இன்னைக்கேதான் கிளம்பணும்க்கா. நாளைக்குக் கிளம்பறவன் என்னைக் கூப்பிட்டதே இல்ல. இன்ஜினைப் போடுங்க."

போட்டாள். சோப்புத் தண்ணீர் டப்பாவும் பிரஷுமாக அவர் குழாய் குழாயாகத் தடவிக்கொண்டு போனார். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நுரை கிளம்பும். பிறகு அடியிலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது.

"அக்கா, இன்ஜினை அணைச்சுட்டு இறங்கி வாங்க. இதை நீங்களே பாருங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கில் சாய்ந்து படுத்து எட்டிப் பார்த்தாள். காற்றுத் தொட்டி என்பது சின்னக் கியாஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். மேலெல்லாம் கறுப்பு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. வயிற்றுப் பக்கம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சோப்பு நுரை மொய்த்தது. காத்து ஸ்குரூடிரைவர் முனையை அதன் மேல் வைத்து லேசாக அழுத்தினார். பப்படத்தில் விரல் இறங்குவது போல அது உள்ளே இறங்கியது.

"போச்சு" என்றார். "வெளியில ஒண்ணுமில்ல. உள்ளேருந்து தின்னுருக்கு."

"ஒரு ஒட்டுப் போட்டுக் குடுங்க தம்பி. பக்கத்துல வெல்டர் இருக்காரு, கேட்டேன், அஞ்சு நிமிஷ வேலைங்கறாரு. நான் அங்க போய்ச் சேந்ததும் புதுசா மாத்திக்கறேன்."

"அவன் அண்டாவுக்கு ஒட்டுப் போடறவன். இது அண்டாவா? உள்ள எவ்வளவு அழுத்தம் நிக்குது! சுத்தி இருக்கற தகடே பப்படமா இருக்கு, எதுல ஒட்டுவான்? வழியில கிழிஞ்சுதுன்னா நடுரோட்டுல வண்டி தானா பிரேக் புடிச்சு நிக்கும். பின்னால வர்றவன் என்ன ஆவான்?"

"அவ்வளவு தூரமில்ல. மெதுவாப் போயிடுவேன்."

"அக்கா, அவ்வளவு வருஷம் ஆளுங்களை ஏத்தி இறக்குனவங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. நீங்களா இப்படிப் பேசறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. பேசியது டிரைவர் இல்லை, பெண்டாட்டி. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "சரி, கழட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கழற்றுவது லேசில் நடக்கவில்லை. தொட்டியைத் தாங்கியிருந்த பட்டைகளின் போல்ட்டுகள் துரு ஏறி ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. காத்து எண்ணெய் விட்டு ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார், டீ குடிக்கப் போனார், திரும்பி வந்து மறுபடியும் எண்ணெய் விட்டார். எந்தக் குழாய் எந்த வாயில் போக வேண்டும் என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் துணி கட்டினார். துணிக்குப் பஞ்சமில்லை, வண்டிக்குள் ஒரு பெட்டி நிறைய வெட்டுத் துணிகள் கிடந்தன. அவள் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். சாரல் ஓரமாக அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வாங்கிவைத்த இரண்டாவது டீயும் ஆறி ஆடை கட்டியது.

மதியத்துக்கு மேல் தொட்டி கீழே இறங்கியது. காத்து அதை நிமிர்த்தி ஒரு வாளியில் சாய்த்தார். காற்று மட்டுமே இருக்க வேண்டிய தொட்டியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொழகொழவென்று கொட்டியது. எண்ணெயும் துருவும் கலந்த நாற்றம். பாதி வாளிக்கு வந்தும் நிற்கவில்லை.

"யாருக்கா இதுல தண்ணி எடுக்கறது?"

"அதுல தண்ணியே கிடையாது" என்றாள் டிரைவரம்மா.

காத்து வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகத் தொட்டியில் தங்கும், அதைத் தினமும் திறந்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. மில்லில் அந்த வேலையை கிளீனர் பார்த்துக்கொண்டான். டிரைவர் சீட்டைவிட்டு இறங்கினால் அதோடு சரி. சொந்தமாக வண்டி வாங்கிய பிறகு ஒரு நாள் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போய்த் திருகைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தாள், இல்லை. மழைக்காலத்தில் பார்த்தாள், அப்போதும் இல்லை. அதோடு அடியில் போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அதிலிருந்து அவளுக்கு ஒரே பெருமை. வண்டிகள் தங்குமிடத்தில் மற்ற டிரைவர்களைப் பார்த்தால் போதும், "உங்க தொட்டியில தண்ணி கட்டுதா? என் வண்டி கம்ப்ரசர் காத்தைக் காயவெச்சுல்ல அனுப்புது!" என்று ஆரம்பித்துவிடுவாள். பக்கத்தில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்காமல் புன்னகைத்துக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்வாள். விடியற்காலையில் வண்டிக்கு அடியில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அரைத் தூக்கத்தில் அவளுக்குக் கேட்கும். "தினம் எந்திரிக்கும்போது வண்டி என்னைப் பாத்து ஒரு பெருமூச்சு விடுது" என்று அதையும் ஒரு கதையாக்கி வைத்திருந்தாள்.

"அக்கா, இதென்ன?" என்று காத்து அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

தொட்டியின் வடிகால் திருகுப் பிடியில் மாட்டியிருந்த ஒரு கயிறு சட்டத்தை ஒட்டியே பின்பக்கம் வரைக்கும் ஓடியது. கடையில் வாங்கிய கயிறு இல்லை. துணியின் ஓரப் பட்டைகளைக் கிழித்துச் சடையாகப் பின்னியது, அவள் அடியில் போய்ப் பார்ப்பதை விட்ட பிறகு கட்டியது. பின் படிக்கட்டுக்குக் கீழே அதன் முனையில் ஒரு பெரிய கோட்டு பட்டன் தைத்திருந்தது. படியில் உட்கார்ந்தபடியே கையை விட்டு இழுக்கலாம். பட்டனை நாலு துளையிலும் குறுக்காக நூல் விட்டு, அடியில் சுற்றிக் கழுத்துக் கட்டி, முடிச்சு வெளியே தெரியாமல் முடித்திருந்தது. பட்டன் தைப்பதில் ஆளுக்கு ஆள் ஒரு பழக்கம். இது யார் பழக்கம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பல் துலக்க விடியற்காலையில் அந்தப் படியில் போய் உட்காருவது வீட்டுக்காரர் வழக்கம். டிரைவரம்மாவும் அதே படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. காத்து ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து அவரே ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "புதுத் தொட்டி சொல்லி அனுப்பித்தான் வரணும்க்கா, ஒரு வாரமாகும்" என்று சொல்லிப் போனார்.

சாயங்காலம் அவள் போன் போட்டாள்.

"கிளம்பிட்டியா? எங்க வந்துட்டிருக்கே?" என்றார் தையல்காரர்.

"எங்கயும் வரலைங்க. காத்துத் தொட்டி ஓட்டையாயிடுச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் அவளே கேட்டாள்:

"நீங்கதான் தினம் தண்ணி எடுத்துட்டிருந்தீங்களா?"

"ம்."

"யார் சொன்னா உங்ககிட்ட?"

"யார் சொல்லணும்? மில்லு வாசல்ல உனக்காக நிப்பேன்ல, அப்ப உங்க கிளீனர் பையன் எடுக்கறதைப் பாத்திருக்கேன். கிளம்புன முதல் வாரம் திறந்து பாத்தேன். ஒரு டம்ளர் தண்ணி வந்துச்சு. சரி, நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, நீ நாலு பேர்கிட்ட பெருமை பேசிட்டிருக்கே. அதைப் போய்க் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"போகும்போதாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? ஒரு வார்த்தை! 'படிக்குக் கீழ கயிறு இருக்கு, தினம் இழுத்துவிடு'ன்னு. வாய் முத்து உதிர்ந்திடுமா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். பத்து நாள்தானேன்னு விட்டேன்." மறுபடியும் அவரே சொன்னார். "அப்புறம், நீயே கேப்பேன்னு நெனச்சேன்."

"என்னன்னு கேப்பேன்?"

"காலையில அந்தச் சத்தம் வரலையேன்னு. தினம் வர்றது நின்னு போச்சே, என்னன்னு தெரியலையேன்னு. போன் வரும்போதெல்லாம் இன்னைக்குக் கேப்பே, இன்னைக்குக் கேப்பேன்னு இருந்தேன். நீ மழையா வெயிலான்னு கேட்டே."

டிரைவரம்மா ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் மெஷினை நிறுத்திவிட்டிருந்தார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

"சத்தம் நின்னது தெரிஞ்சுதுங்க. நீங்க போன மறுநாளே தெரிஞ்சுது. நீங்க இல்லாததால வண்டிக்கும் வருத்தம்னு நெனச்சேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை.

"பையைப் பிரிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு சட்டையை மட்டும் எடுத்துப் போட்டுக்கிட்டேன்" என்றார்.

அந்த ஒரு வாரம் அவள் இருந்த இருப்பு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். தொட்டி கழன்ற வண்டிக்குள் படுத்துக்கொண்டு, மேலே தகரத்தில் விழும் சாரலைக் கேட்டபடி கிடப்பாள். ஒரு வருஷமாகத் தனிமை என்றால் அவர் அங்கே, நான் இங்கே என்பதுதான் என்று நினைத்திருந்தாள். இப்போது வேறு ஒன்று புரிந்தது. கூடவே இருந்த வருஷங்களிலும் ஒரு மனுஷன் தினமும் விடியற்காலையில் எழுந்து போய்த் தனக்காக ஒன்றைச் செய்திருக்கிறான், தான் அதைப் போர்வைக்குள் இருந்துகொண்டு வண்டியின் பெருமூச்சு என்று நினைத்திருக்கிறாள். அவர் போன பிறகுதான் தனியாகிவிட்டதாக அழுதோமே, அவர் அதற்கு முன்னாலேயே தனியாக இருந்திருக்கிறாரே என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். வெளியே போய் வாட்ச்மேனோடு பேசலாம் என்று இறங்குவாள். அவரிடம் இதை என்னவென்று சொல்வது? "மழை விடுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள்.

புதுத் தொட்டி வந்தது. காத்து அதைக் குழந்தையைத் தூக்கி வருவது போல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். உள்ளே ஊதிப் பார்த்தார், வாய்களைத் துடைத்தார், திருகுகளுக்கு வெள்ளை நாடா சுற்றினார். துணி கட்டிய நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு குழாயாக முடுக்கினார். பட்டைகளுக்கு அடியில் ரப்பர் வைத்தார். நடுவில் ஒரு குழாயை மாற்றி மாட்டிவிட்டு, தன்னையே நாலு வசவு திட்டிக்கொண்டு கழற்றி மாட்டினார். கடைசியில், "போடுங்கக்கா" என்றார்.

இன்ஜின் பிடித்தது. முள் பாதியைத் தாண்டியது, முக்காலுக்கு வந்தது. மணி தானாகவே வாயை மூடிக்கொண்டது. காத்து சோப்பு பிரஷை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகத் தடவினார். எங்கும் நுரை இல்லை. அவள் முன்னாலிருந்த குமிழை அழுத்தினாள். பின் சக்கரங்களின் பிடி விட்டு வண்டி லேசாக முன்னே அசைந்தது. இவ்வளவு நாள் ஆசைப்பட்ட அசைவு. அவள் அழுதுவிட்டாள்.

"என்னக்கா இது, நல்லா ஆனதுக்கா அழறீங்க?" என்று காத்து பதறினார். "புதுக் கயிறு ஒண்ணு போட்டுத் தரவா?"

"வேணாம் தம்பி. அதுவே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். கொழுந்தன் வீடு ஒரு சந்தின் கோடியில் இருந்தது. சந்து முடியும் இடத்தில் நாலு வண்டி நிற்கிற அளவுக்குக் காலியிடம். சந்துக்குள் நுழையும்போதே ஹாரன் அடித்தாள், ஒரு தரம் இல்லை, மூன்று தரம். ஓரகத்தி ஈரக் கையோடு ஓடிவந்து, "வாங்கக்கா, வாங்க! மாமா மாடியில இருக்காரு, ஆளுங்க நிக்கறாங்க" என்றாள். இடுப்பு சரியான கொழுந்தன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முயன்று, "அண்ணி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேலி செய்தான்.

மாடி அறையின் வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, போன தடவையும் அக்குள்ள இப்படித்தான் பிடிச்சுது. நான் சொன்னேனா இல்லையா?"

"நீ சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பெருத்தா என் கத்தரி என்ன பண்ணும்? கழட்டிக் குடுத்துட்டுப் போ, நாளைக்கு வா."

"நாளைக்குன்னு சொல்லி நாலு நாள் ஆக்குவீங்க."

"வந்து உக்காந்துக்க, உன் கண்ணு முன்னாலேயே தைக்கறேன்."

திட்டு வாங்கிக்கொண்டு அவர் இப்படிச் சிரித்து டிரைவரம்மா பார்த்ததில்லை. வாசலிலேயே நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வா டிரைவர்" என்றார். "காத்து நிக்குதா?"

"நிக்குது."

ஆட்கள் போன பிறகு இரண்டு பேரும் டீ குடித்தார்கள். கட்டிலுக்கு அடியில் பை இருந்தது. வாய் திறந்து, தட்டையாகக் கிடந்தது. சட்டைகள் எல்லாம் சுவரில் ஆணியில் தொங்கின. அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"கேக்கத்தான் வந்தேன்" என்றாள். "போன்ல கேட்டா மறுபடியும் மழையா வெயிலான்னு வாய் வந்துரும்னு நேர்ல வந்தேன். வர்றீங்களா என்கூட?"

அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"முதல்லயே கேட்டிருந்தா வந்திருப்பேன். கோவிச்சுக்காதே. அந்தப் பையைக் கட்டும்போதும் வரணும்னுதான் கட்டினேன். நீ வரலைன்னதும் உக்காந்து யோசிச்சேன். வண்டியில இருந்தப்ப நான் எத்தனை பேருக்கு அளவெடுத்திருப்பேன்? தைச்சுக் குடுத்ததும் நம்ம கிளம்பிடுவோம். அது அவங்களுக்குச் சரியா இருந்துதா, பிடிச்சுதா, கிழிஞ்சுதா, ஒண்ணும் தெரியாது. ஒருத்தர் திரும்பி வந்து 'ஏன்யா இப்படிப் பண்ணினே'ன்னு கேட்டதில்ல. தையல்காரனுக்கு அளவு குடுத்தவன் திரும்பி வரணும். இங்க வர்றாங்க."

"இதை ஏன் சொல்லலை?"

"நீயும் கேக்கலை, நானும் சொல்லலை. நம்ம குடும்ப வழக்கமே அதுதானே." பிறகு மெதுவாகச் சொன்னார், "நீ இங்க இரேன். வண்டி அங்கேயே நிக்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

இருந்து பார்த்தாள். உண்மையாகவே இருந்து பார்த்தாள். ஓரகத்தியோடு காய் நறுக்கினாள், கொழுந்தனோடு வம்பு பேசினாள், வீட்டுக்காரருக்குப் பட்டன் காஜாவுக்குக் குறி போட்டுக் கொடுத்தாள். அவர் பக்கத்தில் இருப்பது இனித்தது. படுத்தால் மட்டும் கண் மூடவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், மறுநாள் திறந்தாலும் அதே சுவர். நாலைந்து நாளில் அவளுக்கு மூச்சு முட்டியது. அவருக்கு அது தெரிந்தது. இந்த முறை அவள் சொல்வதற்காக அவர் காத்திருக்கவில்லை.

"உன்னால முடியலை, இல்ல?"

"முடியலைங்க" என்றாள். "உங்களுக்கு அங்க எப்படியோ, எனக்கு இங்க அப்படி."

"தெரியும்" என்றார். கையை நீட்டி அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். கோபம் யாருக்கும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அது இல்லாததுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

அவள் கிளம்பிய காலையில் சந்தில் கேபிள் ஒயர்கள் தாழத் தொங்கின. அவர் ஒரு நீளக் கம்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு ஒயராகத் தூக்கிப் பிடித்து, "வா… வா… லெஃப்ட்ல ஒடி… போதும், நேரா வா" என்று குரல் கொடுத்தார். அவள் அந்தக் குரலுக்கு ஒடித்தாள், நேரே வந்தாள். ஒரு இடத்தில் ஒரு சைக்கிளை அவரே தூக்கி ஓரமாக வைத்தார். சந்து இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. மெயின் ரோடு வந்துவிட்டது.

அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"வரட்டுமா?" என்றாள்.

"ம். பாத்துப் போ. ஊர் போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டார். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான்.

"எந்த ஊருங்க?" என்று அவள் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கே நிஜமாகத் தெரியவில்லை.

பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"எங்க நிப்பாட்டறியோ, அந்த ஊரு" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு பிரேக்கை விடுவித்தாள். கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு டிரைவர் மெயின் ரோட்டில் வண்டியை ஏற்ற முடியாது. பார்த்தாள். அவர் லாரிக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கினார், கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு சந்துக்குள் திரும்பி நடந்தார்.